கடல் நிறம் சொல்லும் மீன் கணக்கு

போடிமெட்டில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றிய கட்டுரையா என்று வாசகர்கள் சிரிக்கக்கூடும். கீழே எட்டிப் பார்த்தால் போடியும் தேனியும் தெரியும். மேலே ஏலக்காடும் மூடுபனியும். உப்புக்காற்று படாத ஊர்தான், மறுக்கவில்லை. ஆனால் நம் ஊர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முன்பு அதற்கு எண் 49. கொச்சியில் தொடங்கித் தனுஷ்கோடிக்குப் போனது. இப்போது எண் 85. கொச்சியில் தொடங்கித் தொண்டியில் முடிகிறது. எண் மாறினாலும் ஒன்று மாறவில்லை: ஒரு நுனியில் அரபிக்கடல், மறு நுனியில் பாக் நீரிணை. இரண்டு கடலையும் கட்டி இழுக்கும் கயிற்றின் நடுமுடிச்சு மாதிரி உட்கார்ந்திருக்கிறது நம் மெட்டு.

அந்தக் கயிற்றின் இரு முனையிலிருந்தும் நமக்கு மீன் வருகிறது. கொச்சிப் பக்கமிருந்து ஐஸ் பெட்டியில் மத்தியும் அயிலையும்; மதுரை வழியாகக் கருவாடு. கம்பம், போடி, தேனிப் பக்கங்களிலிருந்து மலையேறி வந்த குடும்பங்களுக்குக் கடல் என்பது சமையலறையில்தான் அறிமுகம். அதிலும் மத்தி இருக்கிறதே, அது லயத்து மீன். நாள்கூலியில் வாங்கிக் குடும்பம் முழுக்கச் சாப்பிடக் கட்டுப்படியாகும் மீன். சாளை என்பார் சிலர், கிழக்குக் கரையில் பேச்சாளை என்பார்கள்.

அந்த மத்தி சில ஆண்டுகளுக்கு முன் காணாமல் போனதை எந்தக் குடும்பத்தலைவியும் மறந்திருக்கமாட்டார். 2012-இல் கேரளக் கரையில் ஏறத்தாழ நான்கு லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-இல் பிடிபட்டது மூவாயிரத்துச் சொச்சம் டன்! நூறு கூடை இறங்கிய இடத்தில் ஒரு கூடைகூட முழுசாக இறங்கவில்லை என்று அர்த்தம். ஓமான் நாட்டு மத்தியை வாங்கித் தின்னும் நிலைமை வந்தது. அடுத்த ஆண்டே, 2022-இல், பிடிப்பு லட்சம் டன்னைத் தாண்டியது.

ஏன் போனது, ஏன் வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடுகிறவர்கள் இன்று வலையை மட்டும் பார்ப்பதில்லை. எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து கடலின் நிறத்தைப் பார்க்கிறார்கள். நிறத்துக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம்? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முன், இந்த நிறக் கதையின் முதல் அத்தியாயத்தில் பாலக்காட்டுத் தமிழர் ஒருவர் இருக்கிறார். அவரைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

கல்பாத்தியும் கப்பலும்

1921-ஆம் ஆண்டு இங்கிலாந்து போய்த் திரும்பிய சர் சி.வி. ராமன், கப்பல் தளத்திலிருந்து மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைப் பார்த்து மயங்கினார். மயங்கியதோடு விட்டாரா? கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபலிப்புதான் என்று அன்றைக்குப் பெரிய விஞ்ஞானியான ரேலி பிரபு எழுதிவைத்திருந்தார். ராமன் தம் கையிலிருந்த நிக்கல் பட்டகத்தைக் கண்ணில் வைத்து, வானத்தின் பிரதிபலிப்பு மறையும் கோணத்தில் கடலைப் பார்த்தார். நீலம் போகவில்லை; இன்னும் அழுத்தமாகவே தெரிந்தது. அப்படியானால் அது வானத்திடம் வாங்கிய கடன் நிறம் அல்ல, தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடித்து உண்டாக்கும் சொந்த நிறம். ஊர் வந்து சேர்ந்ததும் ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் பறந்தது.

இந்த வேலையில் கல்கத்தாவில் ராமனோடு சேர்ந்துகொண்டவர்களில் ஒருவர் கே.ஆர். ராமநாதன். முழுப்பெயர் கல்பாத்தி ராமகிருஷ்ண ராமநாதன். ஆம், தேரோட்டத்துக்குப் பேர்போன பாலக்காட்டுக் கல்பாத்திதான். 1893 பிப்ரவரி 28-இல் அங்கே பிறந்து, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பணியாற்றிவிட்டு ராமனிடம் போனவர். 1923-இல் ‘பிலசாபிகல் மேகசின்’ என்ற ஆங்கில இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘கடலின் நிறம் குறித்து’ என்பதுதான். கடலுக்குள் ஒளி எப்படிச் சிதறுகிறது, எப்படி உறிஞ்சப்படுகிறது என்று ஆராய்கிறவர்கள் இன்றும் தங்கள் துறையின் தொடக்ககால எழுத்துகளில் ஒன்றாக அதைக் குறிப்பிடுகிறார்கள்.

அதே 1923-இல் சூரிய ஒளியைச் சுத்தமான திரவங்களுக்குள் செலுத்திப் பார்த்தபோது, எவ்வளவு வடித்துச் சுத்தம் செய்தாலும் போகாத மங்கலான வேற்று நிற ஒளி ஒன்று ராமநாதனின் கண்ணில் பட்டது. அழுக்கின் வேலை என்று அப்போது தோன்றிய அந்த ஒளிதான், 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவு என்று உலகுக்குத் தெரிந்தது. அன்று ராமநாதனுக்குப் பிறந்தநாள் என்பது தற்செயல்! நாடு முழுக்கத் தேசிய அறிவியல் நாள் கொண்டாடும்போது கல்பாத்தியையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். ராமநாதன் பிறகு வானிலைத் துறையில் பெரும்பெயர் எடுத்து, அகமதாபாதில் விக்ரம் சாராபாய் தொடங்கிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அந்த அகமதாபாதில்தான் பின்னாளில் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் எழுந்தது. இந்தியாவின் கடல் நிறம் பார்க்கும் கருவியை வடிவமைத்துச் செய்தது அந்த மையமே. ஊர் ஒன்றாக அமைந்ததை வைத்து நான் பெரிதாக எதையும் சொல்லவரவில்லை. ஆனாலும் மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

பச்சை என்றால் சாப்பாடு

சுத்தமான ஆழ்கடல் நீலம். அதில் நுண்பாசிகள் பெருகினால் பச்சை. இவ்வளவுதான் அடிப்படை.

கண்ணுக்குத் தெரியாத இந்த நுண்பாசிகளைத் தாவர மிதவை உயிரிகள் என்று பாடப்புத்தகம் சொல்லும். இலைகளில் உள்ள அதே பச்சையம் இவற்றுக்குள்ளும் இருக்கிறது. சூரிய ஒளியில் சமைத்துத் தாமே சாப்பிடுகின்றன. பூமியில் நடக்கும் மொத்தச் சமையலில் ஏறத்தாழப் பாதி காட்டிலும் வயலிலும் நடக்கவில்லை, கடலில் இந்தத் துளிகளுக்குள் நடக்கிறது. பச்சையம் நீல ஒளியை விழுங்கும். பச்சை ஒளியை அவ்வளவாகத் தொடாது. ஆகவே பாசி மிகுந்த கடலிலிருந்து மேலே திரும்பி வரும் ஒளியில் நீலம் குறைந்து பச்சை தூக்கலாக இருக்கும். நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தை அளந்தால் பச்சையம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம்.

எவ்வளவு நுட்பமான கணக்கு என்பதை யோசியுங்கள். வறண்ட நடுக்கடலில் ஆயிரம் லிட்டர் தண்ணீரில் பத்தில் ஒரு மில்லிகிராம் பச்சையம்தான் இருக்கும். தூள் உப்பில் ஒன்றிரண்டு பொடி எடை. அதை வானத்திலிருந்து பார்த்துச் சொல்லவேண்டும்!

இதில் பெரிய தொல்லை கடலே அல்ல, காற்று. போடிமெட்டு வளைவில் நின்று நடுப்பகலில் தேனிப் பக்கம் பார்த்தால் பச்சை வயல்கூட வெளிறிய நீலமாகத் தெரியும் அல்லவா? இடையில் இருக்கும் காற்றும் தூசியும் ஈரமும் தங்கள் ஒளியைக் கலந்துவிடுகின்றன. செயற்கைக்கோளின் நிலைமை அதைவிட மோசம். அதன் கண்ணுக்கு வந்து சேரும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு காற்று மண்டலத்தின் ஒளி. கடலிலிருந்து வருவது பத்துப் பங்குதான். இதைப் பிரிப்பதற்கு ஓர் உபாயம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் அப்படியே விழுங்கிவிடும். அந்த அலைவரிசையில் கடல் கன்னங்கரேல் என்று இருக்கவேண்டும். அங்கேயும் ஏதாவது ஒளி தெரிந்தால் அது முழுக்கக் காற்றின் வேலை. அதை அளந்து, மற்ற நிறங்களில் காற்று எவ்வளவு கலந்திருக்கும் என்று கணக்கிட்டுக் கழித்துவிடுகிறார்கள்.

முதன்முதலில் இந்த வேலைக்காகவே ஒரு கருவியை அமெரிக்காவின் நாசா 1978 அக்டோபரில் நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் ஏற்றியது. ஓராண்டு உழைத்தால் போதும் என்று நினைத்தார்கள். 1986 வரை உழைத்தது. அதன் பிறகு பத்தாண்டு வெறுமை. 1996-இல் நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ்.-பி3 ஜெர்மானியக் கருவி ஒன்றைச் சுமந்து போனது. 1997-இல் அமெரிக்காவின் சீவிஃப்ஸ். 1999 மே 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி2 ஏற்றிச் சென்ற ஓஷன்சாட்-1 நம் சொந்தக் கடல் கண். எட்டு நிறப்பட்டைகள், 1,420 கிலோமீட்டர் அகலத்தை ஒரே வீச்சில் பார்க்கும், 360 மீட்டருக்கு ஒரு புள்ளி, இரண்டு நாளைக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வரும். சூரியன் கடலில் பளிச்சென்று கண்ணாடிபோல் மின்னினால் பார்வை கெடும் என்பதால் கருவியை இருபது பாகை சாய்த்துக்கொள்ளவும் வசதி செய்திருந்தார்கள். 2009-இல் ஓஷன்சாட்-2, 2022 நவம்பர் 26-இல் ஓஷன்சாட்-3. மூன்றாவதில் நிறப்பட்டைகள் பதின்மூன்று. கடலின் வெப்பத்தை அளக்கும் கருவியும் அதிலேயே இருக்கிறது.

மத்தியின் தொட்டில்

இப்போது நம் மத்திக்கு வருவோம்.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும் கன்னியாகுமரிப் பக்கமிருந்து வடக்கே கேரளக் கரை நெடுகிலும் ஒரு மாற்றம் நடக்கிறது. மேல்நீர் கரையைவிட்டு விலகிப்போக, அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலேறுகிறது. அடிநீரில் உரச்சத்து ஏராளம். வெயில்படும் இடத்துக்கு உரம் வந்தால் பயிர் சும்மா இருக்குமா? நுண்பாசி பொங்கிப் பெருகுகிறது. மத்தி முட்டையிடுவதும் இந்தப் பருவத்தில்தான். (ஆலப்புழைப் பக்கம் மழைக்காலத்தில் கடல் அமைதியாகி மீன் குவியும் சாகரையை இதோடு சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது சேற்றுக்கரையின் வேலை, தனிக்கதை.)

மத்தி பாசி தின்னும் மீன் என்பது செயற்கைக்கோள் வருமுன்பே தெரிந்த விஷயம். பழைய சென்னை மாகாண மீன்வளத் துறையில் ஜேம்ஸ் ஹார்னலும் ராமசாமி நாயுடுவும் 1920-களிலேயே மலபார்க் கரை மத்தியின் வயிற்றையும் கடல் மிதவைகளையும் சேர்த்து ஆராய்ந்து எழுதினார்கள். 1950-களில் கோழிக்கோட்டுக் கரையில் ஆர். சுப்பிரமணியன் ஆண்டுக்கணக்காக நீர் மொண்டு, நுண்ணோக்கியில் பாசிகளை எண்ணினார். ஒரு மனிதர், ஒரு படகு, ஒரு கரை. அந்தப் பொறுமைக்கு முன் நாம் கைகூப்பத்தான் வேண்டும். ஆனால் கன்னியாகுமரி முதல் மங்களூர் வரை ஒரே வாரத்தில் என்ன நடந்தது என்று சொல்ல அவரால் முடியாது. அதைச் சொல்வதற்குத்தான் வானத்துக் கண்.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு முதல் சில நாளில் வாய்க்கு எட்டும் தூரத்தில் தீனி இருக்கவேண்டும். பாசி சீக்கிரமாகப் பெருகி அடங்கிவிட்டாலோ, தாமதமாகப் பெருகினாலோ குஞ்சுகள் பட்டினியில் சாகும். வீட்டில் சோறு நிறைய இருந்து என்ன, குழந்தை அழும்போது கிடைக்கவேண்டும் அல்லவா? இந்த எண்ணம் நூறாண்டுப் பழையது. நிரூபணம் வந்தது 2003-இல். கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கரையில் ஹேடக் என்னும் மீன் 1981-லும் 1999-லும் வழக்கத்துக்கு மாறாகப் பெருகியிருந்தது. டிரெவர் பிளாட்டும் கூட்டாளிகளும் செயற்கைக்கோள் படங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். அந்த ஆண்டுகளில் வசந்தகாலப் பாசிப்பெருக்கம் முன்கூட்டியே வந்திருந்தது.

அதே பிளாட், பிற்காலத்தில் கொச்சி மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஜவகர்லால் நேரு அறிவியல் ஆய்வாளராக வந்து நம் கரை மீன்களுக்கு அந்தக் கணக்கைப் போடக் கற்றுத்தந்தார். 2020-இல் காலமானார். அவரோடு பல்லாண்டு பணியாற்றிய சுபா சத்யேந்திரநாத் இந்தியாவில் பிறந்தவர். பல நாட்டுச் செயற்கைக்கோள்களின் கடல் நிறப் பதிவுகளை 1997 முதல் ஒரே கணக்காக இணைக்கும் ஐரோப்பியத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர். கொச்சி விஞ்ஞானிகள் பச்சையப் பதிவையும் மத்திப் பிடிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் 2021-இன் பஞ்சத்துக்குப் பாசிதான் காரணமா? முழுக்க அல்ல. மத்தி இரண்டரை மூன்று ஆண்டு வாழும் மீன். ஒன்றிரண்டு ஆண்டு குஞ்சு தவறினால் கூட்டமே சரியும். 1940-களிலும் இப்படிச் சரிந்திருக்கிறது. கடல் சூடேறியதும், 2015-16 எல் நினோவும் ஒருபுறம். விரலளவுக் குஞ்சையும் விடாமல் அள்ளிய வலைகள் மறுபுறம். பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக்கூடாது என்று கேரளத்தில் சட்டம் வந்தது அதனால்தான். தொட்டிலில் பால் இருந்ததா என்று செயற்கைக்கோள் சொல்லும். தொட்டிலையே தூக்கிப்போனது யார் என்று அது சொல்லாது.

அவசர முடிவும் நிதான முடிவும்

பாசி மிகுந்தால் நல்லது என்று மட்டும் நினைத்துவிடக்கூடாது. 2004 செப்டம்பரில் கொல்லத்துக்கும் விழிஞ்ஞத்துக்கும் இடையே கடலிலிருந்து கிளம்பிய துர்நாற்றத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பள்ளிப்பிள்ளைகள், குமட்டலும் மூச்சுத்திணறலும் கண்டு அவதிப்பட்டார்கள். பாசிப்பெருக்கமே அதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். நம் சாலையின் பழைய நுனிக்குப் பக்கத்தில், மன்னார் வளைகுடாவில், 2019 செப்டம்பர்-அக்டோபரில் கடல் பச்சையாக மாறி மீன்கள் செத்து ஒதுங்கின. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நாக்டிலூகாவின் பெருக்கம் அது. அது அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். மீன் நீந்தியாவது தப்பிக்கலாம். பவளம் எங்கே போகும்? மண்டபம் பகுதித் தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகள் மூச்சுமுட்டிச் செத்ததைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் முக்குளித்துப் பார்த்துப் பதிவு செய்தார்கள்.

முக்குளித்து என்பதைக் கவனியுங்கள். வானத்திலிருந்து அல்ல. கரையோரம் என்றாலே செயற்கைக்கோளுக்குத் தடுமாற்றம்தான். பாக் நீரிணை போன்ற ஆழமற்ற கடலில் கலங்கிய சேறும், அடித்தரையின் மணலும், கடற்புல்லும் எல்லாம் சேர்ந்து ஒளியைத் திருப்பி அனுப்பும். ஆற்றுநீர் கொண்டுவரும் மக்கிய இலைச்சாற்றின் மஞ்சள் வேறு. பச்சையம் இல்லாத இடத்தில் இருப்பதாகக் கணக்கு வந்துவிடும். அதனால்தான் கப்பலில் போய் நீர் மொண்டு, வடிதாளில் வடித்து, அசிட்டோனில் பச்சையத்தைக் கரைத்து அளக்கும் பழைய வேலை இன்றும் ஓயவில்லை. வங்காள விரிகுடாவில் இன்னொரு சங்கடம்: பாசி அடர்த்தி பல இடங்களில் ஐம்பது அறுபது மீட்டர் ஆழத்தில். மேலிருந்து பார்த்தால் மேல்நீர் மட்டும்தான் தெரியும்.

தரவு குறைந்தால் முடிவு எப்படிப் புரளும் என்பதற்கும் அரபிக்கடலே சாட்சி. 1997 முதல் ஏழாண்டுப் படங்களைப் பார்த்த ஜோவாகிம் கோஸ் குழுவினர், மேற்கு அரபிக்கடலில் கோடைக்காலப் பச்சையம் மூன்று மடங்குக்கு மேல் பெருகிவிட்டது, இமயப் பனி குறைவதால் பருவக்காற்று வலுத்ததே காரணம் என்று 2005-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். உலகமே கவனித்தது. 2007-இல் சத்ய பிரகாஷும் ஆர். ரமேஷும் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில், அரபிக்கடல் முழுவதற்கும் அப்படி ஒரு பெருக்கம் தெரியவில்லையே என்று கேள்வி எழுப்பினார்கள். ரமேஷ் எங்கே பணியாற்றினார் தெரியுமா? கல்பாத்தி ராமநாதன் முதல் இயக்குநராக இருந்த அதே அகமதாபாத் ஆய்வகத்தில்! பிறகு 2016-இல் ராக்ஸி மாத்யூ கோல் தலைமையிலான குழு, செயற்கைக்கோள் பதிவையும் கணினி மாதிரிகளையும் சேர்த்துப் பார்த்து, மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் நுண்பாசி இருபது விழுக்காடு வரை குறைந்திருக்கிறது என்றது. ஏறுகிறது என்றார்கள், இல்லை என்றார்கள், இறங்குகிறது என்கிறார்கள். என்னைக் கேட்டால், முதல் ஆய்வு பொய்யல்ல. ஏழாண்டு என்பது கடலின் கணக்கில் ஒரு மூச்சு. ஒரு வருஷ ஏலக்காய் விலையை வைத்துத் தோட்டம் வாங்குகிறவர் உண்டா?

மீனவர் கைக்கு வரும் வழி

ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும், வலை வீசுகிறவருக்கு இதனால் என்ன?

1999-இல் ஐதராபாத்தில் அமைந்த இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ், மீன் கூடக்கூடிய இடங்களைக் குறித்து அறிவிப்பு வெளியிடுகிறது. நீரின் வெப்பம் சட்டென்று மாறும் விளிம்பும் பச்சையம் மாறும் விளிம்பும் ஒன்றாகக் கூடும் இடத்தில் மத்தி, அயிலை, சூரை போன்ற கூட்டமாகத் திரியும் மீன்கள் திரளும் வாய்ப்பு அதிகம். எந்த இறங்குதுறையிலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஆழம் என்ற விவரம் தமிழிலும் மலையாளத்திலும் பிற கடலோர மொழிகளிலும் கிடைக்கிறது. துறைமுகத்து மின்பலகையிலும் கைப்பேசியிலும் பார்க்கலாம். மீனைத் தேடி அலையும் நேரம் குறைந்தால் டீசல் மிச்சம். டீசல் விலை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் இந்த அறிவிப்பு வராது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. எல்லாப் படகும் ஒரே புள்ளிக்கு ஓடினால் மீனுக்கு ஒளிய இடம் ஏது என்ற கவலையும் நியாயமானதே. பச்சை விளிம்பு எல்லைக்கோட்டுக்கு அப்பால் விழுந்தால் இராமேசுவரத்து மீனவர் என்ன செய்வார் என்பதற்கும் எந்தக் கருவியிடமும் பதில் இல்லை.

இன்னொரு விசித்திரம். மேற்குக் கரையில் பாசி பொங்கும் மாதங்கள் ஜூன் முதல் செப்டம்பர். கடல் நிறம் பார்க்கும் கண்ணுக்கு மேகத்தை ஊடுருவத் தெரியாது. நம் தலைக்கு மேல் வந்து ஏலக்காட்டை நனைக்கும் அதே மேகம்தான் கொச்சிக் கடலையும் மூடிவைக்கிறது. சரியாகப் பிரசவ நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்வதுபோல! இடைவெளி கிடைத்த நாள்களின் படங்களை ஒட்டுப்போட்டும், பல நாட்டுச் செயற்கைக்கோள்களைச் சேர்த்தும், கடலில் தானே மூழ்கி எழும் மிதவைக் கருவிகளை விட்டும் சமாளிக்கிறார்கள்.

இந்தத் துறையில் நம் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பனங்காட்டில் உள்ள கேரள மீன்வளப் பல்கலைக்கழகம், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் என்று இரு மாநிலத்திலும் கதவுகள் இருக்கின்றன. இயற்பியல், கணிதம், கணினி படித்தவர்களும் தேவைப்படுகிறார்கள். கடலோரத்தில் பிறந்திருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கல்பாத்தியில் கடலா இருந்தது?

மலையில் இருந்தே செய்யக்கூடிய ஒரு வேலையும் உண்டு. பூப்பாறைப் பக்கத்துப் பன்னியாறு முதிரைப்புழையில் சேர்ந்து, பெரியாறாகிக் கொச்சிப் பக்கம் கடலைத் தொடுகிறது. நம் தோட்டத்து மண்ணும் உரமும் போகுமிடம் அதுதான். வேம்பநாட்டுக் காயலில் விஞ்ஞானிகள் ஊர்மக்களிடமும் மாணவர்களிடமும் சிறு வெள்ளை வட்டைக் கொடுத்து நீரின் தெளிவை அளக்கச் சொன்னார்கள். அந்த அளவுகளைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட முடியும். அது 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து இறக்கிப் பார்த்த வட்டின் சின்ன வடிவம். நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்கப் பெரிய செலவில்லை. சாப்பாட்டுத் தட்டளவு வட்டத் தகடு, வெள்ளைப் பெயிண்ட், அடியில் கனத்துக்கு ஒரு கல், பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. ஆசிரியர் துணையோடு, அனுமதி உள்ள இடத்தில், படகுத்துறையிலிருந்தோ பாலத்திலிருந்தோ மெதுவாக இறக்கவேண்டும். தட்டு கண்ணுக்கு மறையும் முடிச்சை எண்ணிக்கொண்டு, தேதி, நேரம், வெயிலா மேகமா, நீர் நீலமா பச்சையா செம்மண்ணா என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம். மே மாதம் ஒருமுறை, முதல் மழைக்குப் பிறகு ஒருமுறை, ஓணத்துக்கு ஒருமுறை.